சாவி கோடிங்கை ஊர் மெக்கானிக்கும் செய்ய வழிவிடுங்கள்

மதிப்பிற்குரிய மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அதிகாரிகளுக்கு, அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு கார் மெக்கானிக்கின் வணக்கம்.

கல்லிடைக்குறிச்சி டாக்ஸிக்காரர் ஒருவரின் வண்டியில் ஈசிஎம், அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்துகிற கணினிப் பெட்டி, போய்விட்டது. புதிது வாங்கி மாட்டினேன். செல்ஃப் அடிக்கிறது, இன்ஜின் பிடிக்கிறது, அடுத்த நொடியே அணைந்துவிடுகிறது. மீட்டரில் சாவி விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. வண்டியில் வேறு கோளாறு கிடையாது. சாவிக்குள் இருக்கும் சிப்பைப் புது ஈசிஎம்முக்கு அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான். வண்டிக் கணினியோடு இணைக்கிற ஸ்கேனரை மாட்டி, ரகசிய எண்ணைப் போட்டு, இருக்கிற சாவிகளை ஒவ்வொன்றாகப் பதிந்தால் முடிகிற வேலை. ஸ்கேனர் என்னிடம் இருக்கிறது. எண்ணைத்தான் கார் நிறுவனத்தார் தரமாட்டேன் என்கிறார்கள்.

வண்டியை அவர்கள் ஷோரூமுக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். ஓடாத வண்டியை ரெக்கவரி வண்டியில் ஏற்றித் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம். "ஈசிஎம் வெளியே மாட்டினது, நாங்க தொடமாட்டோம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு நடை வாடகையும் அவர் தலையில். டயாலிசிஸுக்கு ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி போகிறவர்களை ஏற்றிச் செல்கிற வண்டி அது. "அண்ணாச்சி, அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?" என்று என்னிடம் கேட்கிறார். நான் உங்களிடம் கேட்கிறேன்.

உங்களுக்குத் தெரியாததல்ல. இந்தியப் போட்டி ஆணையம் 2014-லேயே 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்து, உதிரிபாகங்களையும் ஸ்கேனர் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கொடுக்கச் சொன்னது. 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கென நீங்களே குழு அமைத்து, அதில் வாகனங்களையும் சேர்த்தீர்கள். அப்புறமும் ஒரு சாவியைப் பதிய எங்களால் முடியவில்லையே, ஏன்? 2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்து வண்டிகளை மூழ்கடித்ததே, மறுபடி அப்படி ஒன்று வந்தால் அத்தனை பேரும் ஷோரூம் வாசலில்தான் நிற்க வேண்டுமா? முழு விலை கொடுத்து வாங்கிய வண்டி யாருக்குச் சொந்தம்?

எண் வெளியே போனால் திருட்டு பெருகும் என்கிறார்கள். நியாயமான பயம்தான், சாவியில் சிப் வைத்ததே அதற்காகத்தான். அமெரிக்காவில் பூட்டு வேலைக்காரர்களையும் மெக்கானிக்குகளையும் விசாரித்துப் பதிவு செய்து, அவர்களுக்கு மட்டும் சாவி எண் தருகிறார்கள். இங்கேயும் ஆர்சி, ஆதார், உரிமையாளர் கையெழுத்து மூன்றையும் கேளுங்கள். எங்கள் பட்டறைகளைப் பதிவு செய்யுங்கள். யார், எந்த வண்டிக்கு, என்றைக்கு எண் வாங்கினார் என்று எழுதி வையுங்கள். தவறு செய்தால் உரிமத்தைப் பறியுங்கள்.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பதிவு பெற்ற மெக்கானிக்குக்குச் சாவி எண்ணைக் கொடுத்தாக வேண்டும் என்று நிறுவனங்களுக்கு உத்தரவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்த டாக்ஸி இன்னும் என் பட்டறையில்தான் நிற்கிறது.