பெயர் எழுதாமல் விட்ட கோடு

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் உன் குரலே சரியில்லை. மசக்கையில் தண்ணீர்கூடத் தங்கவில்லை என்றாய். சொதி வைத்தால் ஒரு வாய் சாப்பிடுவாளோ என்று அப்பா இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

டாக்டர் கணக்கில் உனக்கு 11 வாரம். கரு உருவான நாளிலிருந்து எண்ணினால் 9. இந்த வாரங்களில்தான் மகளே, பிள்ளையின் சிறுகுடலில் குடலுறிஞ்சிகள், அதாவது சத்தை உறிஞ்சும் விரல் மாதிரி மேடுகள், முளைக்கும். பெருங்குடலிலும் முளைத்து, பிறக்குமுன் மறைந்துவிடும்.

பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் அந்தப் படத்தை வரைந்தேன். விரல் விரலாக மேடு, மேலே செல் வரிசை, உள்ளே ரத்தக் குழாய். செல்களுக்கு அடியில் ஒரு மெல்லிய கோடு போடுவேன். அதற்குப் பெயர் எழுதியதே இல்லை. பரீட்சைக்கு வராது என்று தாண்டிவிட்டேன். அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டேனே என்று இப்போது மனசு அடித்துக்கொள்கிறது.

அதுதான் அடித்தளச் சவ்வு. ஆச்சியின் பத்தமடைப் பாய் ஞாபகம் இருக்கிறதா? நீ குப்புற விழப் பழகியது அதில்தான். கண்ணுக்குத் தெரிவது கோரை. பிடித்து நிற்பது உள்ளே ஓடும் பாவு நூல். இங்கே அந்த நூல் வேலையை லேமினின், நான்காம் வகைக் கொலாஜன் என்ற இரண்டு புரதங்கள் பார்க்கின்றன. லேமினினை எலிக் கட்டியிலிருந்து பிரித்துப் பெயர் வைத்ததே 1979-ல்தான். மேலே இருக்கும் செல்கள் மட்டும் இதை நெய்துவிட முடியாது. கொலாஜனைப் பெரும்பாலும் தருவது அடியில் இருக்கும் திசு. இரண்டும் சேர்ந்தால்தான் சவ்வு.

குடல் செல்லின் ஆயுசு நாலைந்து நாள். விரல் மேடுகளுக்கு அடியில் இருக்கும் குழியில் பிறந்து, மேலே ஏறி, நுனியில் உதிர்ந்துவிடும். குழியில் ஒரு வகை லேமினின், விரல் மேட்டில் வேறு வகை. காலடியில் எது இருக்கிறதோ அதைத் தொட்டுத்தான் பெருகுவதா, செரிக்கும் வேலைக்கு மாறுவதா என்று செல்லுக்குத் தெரிகிறது. இன்டெக்ரின் என்ற புரதம்தான் அதற்குக் கை. அந்தப் பிடி விட்டால் செல் செத்துப்போகும்.

நீ ஒரு வாய் சாப்பிட முடியாமல் படுத்துக் கிடக்கிற இந்த நாளிலும் உள்ளே அந்த நெசவு நடந்துகொண்டிருக்கிறது. உன்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்று அழாதே.

நெல்பொரிக் கஞ்சியை வடிகட்டி, உப்புப் போட்டு, ஸ்பூன் ஸ்பூனாகக் குடி. அதுவும் தங்காமல், சிறுநீர் குறைந்து அடர் மஞ்சளாகப் போனால் மறுநாள் வரை காத்திருக்காதே, உடனே டாக்டரிடம் போ. போய்விட்டு வந்து எனக்குப் போன் பண்ணு, நடுராத்திரியானாலும் சரி.

அம்மா