நூலகக் கணக்கு மாணவர் கைக்கு வரட்டும்

தமிழ்நாட்டின் அரசு கலை, அறிவியல் கல்லூரி முதல்வர்களுக்கும் நூலகர்களுக்கும்,

வணக்கம். முதுகலைத் தமிழ் மாணவர்களின் ஆய்வேடுகளுக்கு நெறியாளராக இருப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

2024 நவம்பர் 25 அன்று ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம், மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. ஆனால் சென்ற பருவத்தில் என் மாணவி ஒருவர், கைப்பேசியில் ஒரு கட்டுரையின் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு, முழுக் கட்டுரைக்கு டாலரில் விலை கேட்டதால் அதை ஆய்வேட்டிலிருந்தே விலக்கிவிட்டார். கல்லூரியின் வழியாக அந்த இதழ் கிடைக்கும் என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை. நானும் பிந்தித்தான் சொன்னேன்.

நம் மாணவர்களில் பலர் மாலைப் பேருந்தைப் பிடித்து ஊர் திரும்புபவர்கள். வளாகக் கணினியில் மட்டும் திறக்கும் தரவுத்தளம் அவர்களுக்குப் பூட்டிய நூலகமே. பல்கலைக்கழக, கல்லூரி நூலகங்களுக்கான ஒன்றிய அரசு மையமான இன்ஃப்ளிப்நெட், வளாகத்துக்கு வெளியிலிருந்தும் நுழைய உதவும் இன்ஃபெட் என்ற சேவையை நடத்துகிறது. அதில் கல்லூரி பதிந்து, ஒவ்வொருவருக்கும் நுழைவுக் கணக்கு வழங்கினால் வீட்டிலிருந்தே படிக்கலாம்.

கணக்கு கிடைத்தாலும் தேடத் தெரிய வேண்டும். தமிழாய்வில் இது தனிச் சிக்கல். 'சங்கம்' என்ற ஒரு சொல்லையே ரோமன் எழுத்தில் 'எஸ்' (S) இட்டு எழுதுவோர் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் அகராதியின் முறையில் 'சி' (C) இட்டு எழுதுவோரும் உண்டு. ஒரு வடிவத்தை மட்டும் தேடுபவருக்கு மற்ற வடிவத்தில் எழுதப்பட்டவை கண்ணில் படாமலே போகும். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் உள்ள பழைய ஆய்வேடுகளில் பல வெறும் பக்கப் படங்கள். அவற்றின் உள்ளே சொல்லைத் தேட இயலாது என்பதால், தலைப்பு, துறை, நெறியாளர் பெயர் ஆகியவற்றைக் கொண்டுதான் அணுக வேண்டியிருக்கிறது. 'இத்தலைப்பில் முன்னாய்வு எதுவும் இல்லை' என்று ஆய்வேடுகளின் முன்னுரையில் தயங்காமல் எழுதப்படும் வரிகளில் எத்தனை இப்படிப் பிறந்தனவோ!

ஆகவே, தலைப்புப் பதிவுக்கு முன்பே கணக்குகளை வழங்கி, அவரவர் தலைப்பையே வைத்து நூலகரும் நெறியாளரும் சேர்ந்து இரண்டு மணி நேரத் தேடல் பயிற்சி ஒன்றை நடத்த வேண்டுகிறேன். கணினிகள் போதாத கல்லூரிகளில் மாணவர்களின் கைப்பேசிகளிலேயே அதை நடத்தலாம்.

இங்ஙனம்,
ஒரு தமிழ்த்துறை ஆசிரியர்