மைதானத்துக்கு முதுகு காட்டி நின்றவனின் கடிதம்

ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஒருவர், உதைபந்தாட்டக் கழகமும் றக்பி அணியும் ஒரே அரங்கில் விளையாடினால் செலவு பாதியாகும், இரண்டு கழகமும் பிழைத்துக்கொள்ளும் என்று எழுதியிருந்தார். வாசிக்க நன்றாகத்தான் இருந்தது. இங்கிலாந்தில் ஹல், விகன், கொவென்ட்ரி என்று மூன்று ஊர்களை உதாரணம் காட்டியிருந்தார். கொவென்ட்ரியின் பெயரைக் கண்டதும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை வாசித்தேன். பிழையாக வாசிக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் கொவென்ட்ரியில் இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறேன். வார நாட்களில் ஒரு களஞ்சியத்தில் வேலை. ஏழெட்டு வருடம் வார இறுதிகளில் இங்குள்ள அரங்கில் ஸ்டூவர்ட் வேலையும், அதாவது சனத்தை ஒழுங்குபடுத்தும் வேலையும், பார்த்தேன். ஸ்டூவர்ட் என்றால் ஆட்டத்தை இலவசமாகப் பார்க்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பார்க்க முடியாது. மஞ்சள் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு முதுகைக் காட்டி, சனத்தைப் பார்த்தபடி நிற்கவேண்டும். கோல் விழுந்ததை நான் முகங்களில்தான் பார்த்திருக்கிறேன். முதல் வரிசையில் ஒரு தாத்தா இருப்பார். பந்து கோல் பக்கம் வரும்போதெல்லாம் அவருடைய கை தானாகத் தொப்பிக்குப் போகும். தொப்பி கழன்றால் கோல். கழற்றாமல் அழுத்திப் பிடித்தால் எதிரணிக் கோல்.

சனிக்கிழமை உதைபந்தாட்டம், ஞாயிற்றுக்கிழமை றக்பி என்று அடுத்தடுத்து வந்த வார இறுதிகளும் உண்டு. ஒரே படிக்கட்டு, ஒரே வாசல், ஒரே ஆசனங்கள். ஆனால் சட்டம் வேறு. இங்கிலாந்தில் 1985 ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெரிய உதைபந்தாட்டப் போட்டிகளில் மைதானம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருந்து மது குடிக்கக் கூடாது. றக்பிக்கு அந்தத் தடை இல்லை. அதனால் சனிக்கிழமை மூன்று மணிக்கு, பியர்க் கோப்பையோடு ஆசனப் பக்கம் போகும் வாசலைத் தாண்டப் பார்த்தவரை மறித்து, "ஐயா, உள்ளேயே குடித்து முடித்துவிட்டு வாருங்கள்" என்று சொல்வேன். மறுநாள் அதே வாசலில் ஒருவர் நான்கு கோப்பைகளை அட்டைத் தட்டில் அடுக்கிக்கொண்டு போவார். நான் ஒதுங்கி வழிவிடுவேன். ஒரு தடவை சனிக்கிழமை நான் மறித்த அதே மனிதர் ஞாயிறும் வந்தார். கோப்பையை என் மூக்குக்கு நேரே தூக்கிக் காட்டி, "இன்றைக்கு நான் நல்ல பிள்ளையா?" என்று கேட்டார். நான் என்ன சொல்ல?

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், அரங்கைப் பகிர்வதென்றதும் எல்லோரும் இரண்டு ரசிகர் கூட்டங்களுக்கும் ஒத்துவராது என்று கதைக்கிறார்கள். அது பெரிய விடயமே இல்லை. உதைபந்து ரசிகர்களை எதிரணி ஆட்களிடமிருந்து பிரித்து வைக்கவேண்டும், நடுவில் வெற்று ஆசனங்கள் விடவேண்டும். றக்பி ரசிகர்கள் கலந்து இருப்பார்கள். எங்களுக்கு அது இரண்டு விதமான வேலை, அவ்வளவுதான். கஷ்டம் இருந்தது இரண்டே இடத்தில். ஒன்று புல். மற்றது குத்தகைக் கடதாசி.

முதலில் புல்லைச் சொல்கிறேன். உதைபந்தாட்டத்தில் புல் அதிகம் அடிபடுவது கோல் வாசலிலும் கோட்டோரத்திலும். றக்பியில் ஸ்க்ரம் என்று ஒன்று இருக்கிறது. பக்கத்துக்கு எட்டுப் பேராகப் பதினாறு பாரமான மனிதர்கள் குனிந்து, பூட்ஸ் ஆணியை நிலத்தில் ஊன்றி, ஒருவரை ஒருவர் தள்ளுவார்கள். ஸ்க்ரம் சரிந்தால் பெரும்பாலும் அதே இடத்தில் திரும்பவும் நடக்கும். முடியும்போது புல் வேரோடு பெயர்ந்து, பாய் சுருட்டினதுபோல் கிடக்கும். ஆட்டம் முடிந்து சனம் வெளியேறும் வரை நாங்கள் நிற்கவேண்டும். அந்த நேரம்தான் நான் மைதானத்தைத் திரும்பிப் பார்ப்பது. நாலைந்து பேர் முள்ளுக்கரண்டிபோன்ற நீளக் கவர்க்கோலை வைத்துக்கொண்டு, பெயர்ந்த துண்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, பொருத்தி, காலால் அமர்த்திக்கொண்டு போவார்கள். இருட்டின பிறகும் அந்த வேலை நடக்கும்.

இப்போது பெரிய அரங்குகளில் புல்லோடு செயற்கை இழைகளை நிலத்துக்குள் ஆழமாகத் தைத்து வைக்கிறார்கள். வேர் அதைப் பற்றிக்கொண்டு வளரும். இழுத்தால் இலேசில் வராது. சரி, அது உதவிதான். ஆனால் புல் வளர வெயில் வேண்டும். இங்கே கார்த்திகை முதல் மாசி வரை வெயில் எங்கே? உயரமான கூரைகளின் நிழல் வேறு. சில்லு வைத்த பெரிய விளக்குகளை உருட்டிக்கொண்டு வந்து இரவு முழுக்கப் புல்லின் மேல் பிடிக்கிறார்கள். அந்தக் கருவிக்கும் மின்சாரத்துக்கும் போகும் காசை "செலவு பாதி" கணக்கில் உங்கள் எழுத்தாளர் எங்கே போட்டார் என்று தேடினேன். காணவில்லை.

இன்னொன்றையும் அவர் குழப்பிவிட்டார். ஹல்லிலும் விகனிலும் இருப்பது பதின்மூன்று பேர் ஆடும் றக்பி லீக். கொவென்ட்ரிக்கு வந்தது பதினைந்து பேர் ஆடும் றக்பி யூனியன். ஆள் கணக்கில் இரண்டு பேர் கூடக் குறைய என்று விட்டுவிட முடியாது. யூனியன் உதைபந்தாட்டம் நடக்கும் அதே குளிர் மாதங்களில் நடக்கும். ஆகவே மோசமான மாதங்களில் புல்லுக்கு இரட்டை அடி. லீக் கோடையில் நடக்கும். உதைபந்து மைதானத்தைக் கிளறி, விதை போட்டு, ஓய்வு கொடுப்பது மே, ஜூன் மாதங்களில். லீக் இருந்தால் அந்த ஓய்வு இல்லை. இரண்டுக்கும் மருந்து வேறு.

புல் விடயத்தில் கொவென்ட்ரி பட்டதைச் சொல்கிறேன். 2022 பேர்மிங்ஹாம் கொமன்வெல்த் விளையாட்டில், எழுவர் றக்பிப் போட்டிகள் எங்கள் அரங்கில் நடந்தன. ஜூலைக் கடைசியில் மூன்றே நாளில் அறுபதுக்கு மேற்பட்ட ஆட்டங்கள். அது அப்போது அரங்கை வைத்திருந்த வொஸ்ப்ஸ் றக்பி அணியின் குற்றமில்லை, சொல்லிவிடுகிறேன். ஆனால் அடுத்த வாரம் மைதானம் ஆட்டத்துக்குப் பாதுகாப்பில்லை என்று சொல்லி, எங்கள் உதைபந்துக் கழகமான கொவென்ட்ரி சிட்டி ரொதர்ஹாமோடு ஆடவிருந்த முதல் சொந்த மைதான ஆட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். அதன்பின் வந்த ஆட்டங்களுக்கும் அதே கதி. உதைபந்து லீக் கிண்ணத்தில் பிரிஸ்டல் சிட்டியோடு ஆடவேண்டிய 'சொந்த' ஆட்டத்தை பேர்ட்டனில் போய் ஆடினார்கள். சீசன் தொடங்கி ஒரு மாதம் ஆகப்போன நேரத்திலும் சொந்த மைதானத்தில் பந்தே உருளவில்லை. புல்லைப் பற்றிய முடிவு உதைபந்துக் கழகத்தின் கையில் இருந்திருந்தால், ஆகஸ்ட் ஆட்டத்துக்கு ஒரு வாரத்துக்கு முன் அறுபது றக்பி ஆட்டத்துக்கு யாராவது ஓம் என்று சொல்லியிருப்பார்களா?

இதிலிருந்துதான் குத்தகைக் கடதாசிக்கு வருகிறேன்.

கொவென்ட்ரி சிட்டி 1899 முதல் 2005 வரை ஹைஃபீல்ட் ரோட்டில் ஆடியது. 1987 இல் வெம்ப்ளியில் டொட்டன்ஹாமை 3-2 என்று வென்று எஃப்.ஏ. கிண்ணம் எடுத்த காலத்திலும் அதுதான் அவர்களின் வீடு. புதிய அரங்கு 2005 இல் திறந்தது, கழகத்துக்காகத்தான் அதைக் கட்டினார்கள். ஆனால் திறப்பதற்கு முன்பே காசு நெருக்கடியில் கழகம் தன் பங்கை விற்றுவிட்டது. அரங்கை நடத்தும் கம்பனி மாநகரசபையிடமும் ஒரு அறக்கட்டளையிடமும் பாதிப் பாதி. கழகம் வாடகைக்கு. வாடகை வருடத்துக்கு 12 இலட்சம் பவுணுக்கு மேல். மூன்றாம் பிரிவுக்கு இறங்கியபோது அந்த வாடகை பெரும் பாரமாகி, 2012 இல் கொடுப்பதை நிறுத்தினார்கள். வழக்கு, வாக்குவாதம். யார் சரி என்று நான் தீர்ப்பு எழுத வரவில்லை. கடைசியில் 2013 இல் கழகம் மூட்டையைக் கட்டிக்கொண்டு நோர்தாம்ப்டனுக்குப் போனது.

ஏறக்குறைய 35 மைல். அந்தச் சிறிய அரங்குக்கு வெளியே ஒரு மேடு இருக்கிறது. டிக்கெட் வாங்க மாட்டோம் என்று எதிர்ப்புக் காட்டிய ஆதரவாளர்கள் அந்த மேட்டில் நின்று பார்த்தார்கள். நானும் மகனும் ஒரு சனிக்கிழமை போனோம். முழு மைதானமும் தெரியாது. தெரியாத பக்கத்துக்குப் பந்து போனதும் மேட்டில் நின்ற எல்லோரும் ஒரே நேரத்தில் எட்டிக் கழுத்தை நீட்டுவார்கள். மகனுக்கு அப்போது பதினொரு வயது. "அப்பா, எங்கள் அரங்கு வெறுமையாகத்தானே கிடக்கிறது, ஏன் இங்கே நிற்கிறோம்?" என்று கேட்டான். வாடகை என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. எனக்கும் முழுக்க விளங்கியது என்று சொல்ல மாட்டேன்.

2014 செப்டெம்பரில் கழகம் திரும்பி வந்தது. ஒரு மாதம் போனதோ இல்லையோ, வொஸ்ப்ஸ் வருகிறது என்று செய்தி. அரங்கை நடத்தும் கம்பனியை அவர்கள் வாங்கினார்கள், 250 வருடக் குத்தகையோடு. யாருக்காகக் கட்டினார்களோ அவர்கள் வாடகைக்கு இருப்பவர்கள். நேற்று வந்தவர் வீட்டுக்காரர். ஆனால் வொஸ்ப்ஸ் மேலும் எனக்குக் கோபம் வரவில்லை. அவர்களும் அலைந்தவர்கள்தான். 1996 முதல் லண்டனில் கியூ.பி.ஆர். அரங்கில், 2002 முதல் வைகொம்ப் வொண்டரர்ஸின் அரங்கில் என்று பதினெட்டு வருடம் உதைபந்துக் கழகங்களின் வீட்டில் ஒதுங்கியிருந்தவர்கள். தங்களுக்கென்று ஒரு கூரை வேண்டும் என்று நினைத்தார்கள். 2015 இல் பொதுமக்களிடம் கடன்பத்திரம் விற்று 35 மில்லியன் பவுண் திரட்டினார்கள், வட்டி வருடத்துக்கு 6.5 வீதம். 2022 மே மாதம் திருப்பிக் கொடுக்கவேண்டும். முடியவில்லை. ஒக்டோபரில் கழகம் சரிந்தது. வீரர்களும் பயிற்சியாளர்களும் பணியாளர்களுமாக 167 பேருக்கு ஒரே நாளில் வேலை போனது.

அதற்கிடையில் 2019 முதல் 2021 வரை, பழைய வழக்குகள் தீராததால் உதைபந்துக் கழகம் இன்னொரு தடவை ஊர் விட்டுப் போய் பேர்மிங்ஹாமில் ஆடியது. 2020 இல் மூன்றாம் பிரிவில் முதலிடம் வந்தது, அதுவும் இரவல் வீட்டில் இருந்தபடி.

வொஸ்ப்ஸ் விழுந்ததும் அரங்கு இன்னொரு கைக்குப் போனது. டிசம்பரில் கழகத்துக்கு வெளியேறும் நோட்டீஸ் வந்தது. புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்துத்தான் அந்தச் சீசனை முடித்தார்கள். அதே சீசனில் வெம்ப்ளி வரை போய், பிரீமியர் லீக்கில் ஏறும் கடைசி ஆட்டத்தில் பெனால்டியில் லூட்டனிடம் தோற்றதை இன்னும் நினைத்தால் வயிறு எரியும். அது வேறு கதை.

ஸ்டொக்போர்ட் கவுண்டி உதைபந்துக் கழகமும் இப்படித்தான் பட்டது. 2003 இல் சேல் ஷார்க்ஸ் றக்பி அணி அங்கே வந்தது. இரண்டுக்கும் ஒரே உரிமையாளர். 2005 இல் கழகத்தை மட்டும் ஆதரவாளர் அமைப்பிடம் கொடுத்தார், அரங்கைக் கொடுக்கவில்லை. 2009 இல் கழகம் கடனில் விழுந்தது. அரங்கை மாநகரசபை 2015 இல் வாங்கிய பிறகுதான் மூச்சு வந்தது.

பகிர்வதே பிழை என்று நான் சொல்லவில்லை. ஹடர்ஸ்ஃபீல்டில் 1994 இல் திறந்த அரங்கின் கம்பனியில் சபையும் உதைபந்துக் கழகமும் றக்பிக் கழகமும் மூன்று பேருமே பங்குதாரராக இருந்தார்கள். விகனில் இப்போது இரண்டு கழகமும் ஒரே முதலாளியிடம். சண்டை வந்தாலும் ஒரே மேசையில் பேசித் தீர்க்கலாம். ரெடிங்கில் அரங்கு உதைபந்துக் கழகத்தின் பக்கம், லண்டன் ஐரிஷ் றக்பி அணி 2000 முதல் இருபது வருடம் வாடகைக்கு ஆடிவிட்டுப் போனது.

ஆகவே இனி எந்த ஊரில் இந்தக் கதை வந்தாலும், ஆதரவாளர்கள் செலவுக் கணக்கைக் கேட்கமுன் ஒப்பந்தத்தைக் கேட்கட்டும். இரண்டு ஆட்டங்களுக்கு நடுவில் எத்தனை நாள்? மைதானம் ஆடத் தகுதியில்லை என்றால் யாருடைய ஆட்டம் தள்ளிப்போகும்? புது மைதானம் போடுவது யாருடைய காசு? ஒரு கழகம் முறிந்தால் குத்தகை யாருக்குப் போகும்? இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் இல்லாவிட்டால், பேப்பரில் வரும் அழகான வரைபடங்களை நம்பவேண்டாம். உங்கள் எழுத்தாளரும் அடுத்த தடவை இதைக் கேட்டு எழுதினால் நல்லது.

2025 ஆகஸ்டில் கொவென்ட்ரி சிட்டி தன் அரங்கைத் தானே வாங்கிவிட்டது. ஹைஃபீல்ட் ரோட்டை விட்ட பிறகு இதுதான் முதல் தடவை. நான் ஸ்டூவர்ட் வேலையை விட்டாயிற்று. இப்போது டிக்கெட் வாங்கி, சரியான பக்கம் பார்த்து உட்காருகிறேன். நாளைக்கு யாராவது றக்பி அணி வாடகைக்குக் கேட்டு வந்தால் என்ன சொல்வாய் என்று மகன் கேட்டான். வரட்டும் என்றேன். மழை பெய்யும் தை மாதத்தில், எங்கள் ஆட்டத்துக்கு முதல் நாள் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
முன்னாள் ஸ்டூவர்ட் ஒருவர்,
கொவென்ட்ரி, இங்கிலாந்து