திறப்பு ஆணியில்தான் தொங்கியது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு வாகனப் பக்கத்தில், "திறப்பு வீட்டுக்குள் இருக்கும்வரை காருக்கு ஆபத்தில்லை, களவு போவதெல்லாம் உரிமையாளரின் கவனயீனத்தாலேயே" என்று எழுதியிருந்தீர்கள். முப்பது வருட வாசகன் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்த வரி என்னை மிகவும் நோகச் செய்தது.

சென்ற மாரியில் ஒரு விடியற்காலை, கல்லடியில் என் வீட்டு முற்றத்தில் நின்ற டொயோட்டா அக்குவாக் காரின் கதவு திறந்து கிடந்தது. லாச்சிக்குள் இருந்த காப்புறுதிப் பத்திரத்தையும் மனைவியின் மருந்துப் பையையும் காணவில்லை. கண்ணாடி உடையவில்லை, பூட்டில் கீறலும் இல்லை, திறப்பு ஜன்னலோரத்து ஆணியில் வழக்கம்போல் தொங்கிக்கொண்டிருந்தது. முறைப்பாட்டை எழுதியவரும் காப்புறுதிக்காரரும் "ஐயா, பூட்ட மறந்திட்டீங்களோ?" என்றே கேட்டார்கள். 38 வருடம் தபாற்கந்தோரில் பதிவுத் தபாலுக்கும் காசுக்கட்டளைக்கும் பொறுப்பாக இருந்த என்னை அப்படிக் கேட்டதை இன்னும் மறக்க முடியவில்லை.

என் காரின் திறப்பு சமிக்ஞையால் இயங்கும் வகை, அது அருகில் இருந்தால் கைபிடியைத் தொட்டாலே கதவு திறக்கும். அன்று பின்னேரமே சோதித்துப் பார்த்தேன். திறப்பு ஆணியில் தொங்க, வெளியே போய்க் கைபிடியைத் தொட்டேன், கார் திறந்தது. சுவருக்கும் காருக்கும் இடையில் இரண்டு முழம்கூட இல்லை. திறப்பைப் பிஸ்கட் ரின்னுக்குள் வைத்து மூடியை இறுக்கிவிட்டுத் தொட்டபோது திறக்கவில்லை.

கார் தள்ளி நின்றாலும் ஆபத்து நீங்காது என்பது தாங்கள் அறியாததல்ல. ஒருவன் காரருகிலும் மற்றவன் வீட்டுச் சுவரருகிலும் கருவிகளுடன் நின்று, காரின் சமிக்ஞையைத் திறப்புக்கும் திறப்பின் பதிலைக் காருக்கும் கடத்தினால், திறப்பு பக்கத்தில் இருப்பதாகவே கார் எடுத்துக்கொள்ளும். 2011இலேயே சூரிச் ஆய்வாளர்கள் 8 நிறுவனங்களின் 10 வகைக் கார்களை இவ்வாறு திறந்து காட்டினார்கள். பிரித்தானிய அரசோ இத்தகைய கருவிகளை வைத்திருப்பதையே குற்றமாக்கும் சட்டமூலத்தை 2025இல் கொண்டுவந்தது. அங்கே குற்றவாளியைத் தேடுகிறார்கள். இங்கே பறிகொடுத்தவனைக் குற்றம் சொல்கிறோம்.

இந்தக் காரை வாங்கியபோது கொழும்பில் ஒரேயொரு திறப்பைத்தான் தந்தார்கள். மற்றது எங்கே என்று மூன்று முறை கேட்டும் பதில் இல்லை. கையேடு முழுவதும் ஜப்பானிய மொழியில் இருந்தது. 2020இல் இறக்குமதி நின்று, ஐந்து வருடம் பழைய வாகனங்களுக்கே காணி விலை சொல்லப்பட்ட நாட்டில், அதைப் பாதுகாக்கும் வழியைத் தமிழில் ஒருவரும் எழுதித் தரவில்லை. பல டொயோட்டாத் திறப்புகளில் பூட்டும் பொத்தானை அழுத்திக்கொண்டு திறக்கும் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால், சிறு விளக்கு நான்கு முறை மினுங்கித் திறப்பு காரின் சமிக்ஞைக்குப் பதில் தராமல் உறங்கிவிடும் என்பதை மகன் சொல்லித்தான் அறிந்தேன்.

ஆகவே அந்த வரியைத் திருத்தி, சமிக்ஞை தடுக்கும் உறை, திறப்பை உறங்க வைக்கும் முறை, ஸ்டியரிங் பூட்டு ஆகியவற்றைப் பற்றி அதே பக்கத்தில் ஒரு சிறு பெட்டிச் செய்தி வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபாலதிபர்,
கல்லடி, மட்டக்களப்பு.