நெடி அடித்தால்தான் சுத்தமா?
குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். மாடிப்படியும் வராந்தாவும் தினமும் துடைக்கப்படுகின்றன, அதில் குறையே இல்லை. வாளியில் ஊற்றுகிற கறுப்பு பினாயில்தான், பூனை வளர்க்கிற எனக்குக் கவலை. லேபிள் இல்லாத பழைய தண்ணீர் பாட்டிலில் அடைத்து வண்டிக்காரர் கொண்டுவருகிற சரக்கு அது. நெடி மூக்கைத் துளைத்தால்தான் சுத்தம் என்று நாமும் பழகிவிட்டோம்.

கறுப்பு பினாயிலில் இருப்பவை நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கப்படும் ஃபீனால் வகை ரசாயனங்கள். நம் கல்லீரல் இவற்றை மாற்றிச் சிறுநீரில் தள்ளிவிடும். அதற்கான நொதி பூனைக்குச் சரியாக வேலை செய்வதில்லை. ஒரே ஒரு பாரசிட்டமால் மாத்திரை பூனையின் உயிரை எடுக்கக்கூடியது என்பதற்கும் இந்தக் குறைதான் முக்கியக் காரணம். ஈரத் தரையில் நடந்துவிட்டு வந்து பாதத்தை நக்காத பூனை உண்டா? நக்குகிற ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உள்ளே போகிறது. சரி, வெள்ளை பினாயிலுக்கு மாறலாமே என்பீர்கள். அதில் பைன் எண்ணெய் இருக்கும், அதுவும் பூனைக்கு ஆகாது.

படிக்கட்டுக்குச் சோப்புத் தண்ணீரே போதும். குப்பைத் தொட்டி இருக்கும் இடத்தில் மட்டும் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, சற்றுநேரம் விட்டு, நல்ல தண்ணீரில் கழுவிவிடலாம். அதோடு ஆசிட் மட்டும் சேரவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். பூனைக்கு முன்பே, துடைக்கிற அக்காவுக்குத்தான் மூச்சு முட்டும்.

அப்புறம் எலி விஷம். கார் நிறுத்துமிடத்தில் வைக்கப்படும் புரோமடியோலோன் கட்டி ரத்தம் உறைவதைத் தடுக்கும். தின்ற நாய் இரண்டு மூன்று நாள் நன்றாகவே இருப்பதுபோல் தெரியும், அதுதான் ஏமாற்று. விஷம் தின்ற எலியைப் பிடித்துத் தின்கிற பூனைக்கும் ஆந்தைக்கும் அதே கதி. சீக்கிரம் கொண்டுபோனால் வைட்டமின் கே1 காப்பாற்றும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசைக்கு அந்த வழியும் இல்லை, அதற்கு மாற்று மருந்தே கிடையாது. நம் பிள்ளைகளும் அங்கேதான் விளையாடுகிறார்கள். எலிப்பொறி வைப்போம், சாக்கடை மூடிகளுக்கு வலை அடிப்போம், இரவில் குப்பைப் பையை வாசலில் வைக்காமல் இருப்போம்.

இன்னொரு கோரிக்கை. பூச்சிமருந்து அடிக்க ஆள் வரும்போது, முதல் நாளே மருந்தின் பெயரை அறிவிப்புப் பலகையில் எழுதிவிடுங்கள். பூனைக்கு ஆகாத பெர்மெத்ரின் என்றால் காயும்வரை பூனைகளை உள்ளேயே வைத்துக்கொள்வோம். ஏதாவது ஆகி மருத்துவரிடம் ஓடினாலும், அவர் முதலில் கேட்பது அந்தப் பெயரைத்தான்.

இப்படிக்கு,
பூனை வளர்க்கும் ஒரு குடியிருப்புவாசி