லூசியின் தாயிடம் யார் சொன்னார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் திகில் நாவல்கள் பற்றிய கட்டுரையில், ‘டிராகுலா’வை அறிவியல் எட்டிப் பார்க்காத காலத்தின் மூடநம்பிக்கைக் கதை என்று ஒரே வரியில் ஒதுக்கியிருந்ததைப் படித்து மிகவும் வருந்தினேன். பிராம் ஸ்டோக்கரின் அந்த நாவல் 1897-இல் வெளிவந்தது என்பது தாங்கள் அறியாததல்ல. தந்தி, தட்டச்சுப் பொறி, குரலைப் பதியும் ஃபோனோகிராஃப், ரயில் கால அட்டவணை ஆகியவற்றின் துணையோடுதான் அதில் ரத்தக்காட்டேரியைத் துரத்துகிறார்கள்.

நான் அரசு மருத்துவமனை ரத்த வங்கியில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன். நாவலில் டிராகுலாவுக்கு இரையாகும் இளம்பெண் லூசிக்கு நான்கு ஆண்களின் ரத்தத்தை அடுத்தடுத்து ஏற்றும் பகுதியை முதன்முதலில் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஒவ்வாத ரத்தம், ரத்தத்தின் தெளிந்த நீரான சீரத்தோடு சேர்ந்ததும் கண்ணாடித் தகட்டில் மணல் மணலாகத் திரள்வதை அன்றாடம் கண்டவனுக்கு, காட்டேரியின் பல்லைவிடப் பொருத்தம் பார்க்காமல் ஏற்றும் அந்த ஊசிதான் அச்சம் தந்தது. ஆனால் கார்ல் லாண்ட்ஸ்டைனர் ரத்த வகைகளைப் பற்றி வெளியிட்டதே 1901-இல்தான் என்னும்போது, ஸ்டோக்கரை எப்படிக் குறை சொல்வது?

லூசியைக் காக்க வரும் மருத்துவரான வான் ஹெல்சிங் ஒரு கையில் ஊசியும் மறு கையில் காட்டேரியை விரட்டும் பூண்டுப் பூவுமாக நிற்பதைக் கட்டுரையாளர் கவனித்ததாகவே தெரியவில்லை. அந்தப் பூக்களை நெடி தாங்காமல் அகற்றி, சன்னலையும் திறந்துவிடுபவர் லூசியின் தாய். அவர் இதயம் பலவீனமானது என்று அவரிடம் எதையுமே சொல்லாமல் மறைத்துவிட்டார்கள். அறிந்தவர் வாய் திறக்காததால் நேரும் கேடு அது.

கதைக்கு வெளியிலோ, அறிந்தவர் சொல்லியும் கேடு நேர்ந்தது உண்டு. காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882-இல் அறிவித்துப் பத்து ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவின் ரோட் ஐலண்டில், காசநோயால் இறந்த மெர்சி பிரவுன் என்ற பெண்ணைக் காட்டேரி என்று சந்தேகித்துத் தோண்டியெடுத்தார்கள். நுரையீரலில் காசநோய் இருப்பதாக மருத்துவர் கூறியும் கேளாமல், இதயத்தை எரித்துச் சாம்பலை நோயுற்ற அண்ணனுக்குக் கரைத்துக் கொடுத்தார்கள். அவரும் பிழைக்கவில்லை.

என் பணிக்காலத்தில் ஒரு தாய், ராகு காலம் கழியாமல் மகனுக்கு ரத்தம் ஏற்றக் கூடாது என்று அழுதார். வார்டிலிருந்து அவரை அழைத்து வந்து, அவர் மகனின் ரத்தம் பொருந்துவதையும் பொருந்தாததையும் தகட்டில் காட்டினேன். ஐந்து நிமிடத்தில் சம்மதித்தார். அவரை மூடநம்பிக்கைக்காரர் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் தங்கள் இணைப்பிதழில் டிராகுலா மர ஆப்பால் இறந்ததாக எழுதியிருந்தீர்கள். நாவலில் அவனைக் கொல்பவை இரண்டு கத்திகள். ஆப்பு லூசிக்கு அடிக்கப்பட்டது. அப்போது நான் அனுப்பிய கடிதம் வெளிவரவில்லை, பதிலும் இல்லை. அதற்கும் முன்பு வெளியிட்ட சுருக்கத் தொடரிலோ, கதையைச் சொல்பவர்களில் ஒருவரான மருத்துவர் சீவர்டின் குறிப்புகளை முழுவதுமாக நீக்கியிருந்தீர்கள். முப்பது ஆண்டுகளாகச் சந்தா கட்டும் வாசகனுக்கு இவை சிறிய வருத்தங்கள் அல்ல.

அடுத்த இதழில், ‘டிராகுலா’ அறிவியல் எட்டிப் பார்க்காத காலத்துக் கதை என்றதையும் டிராகுலா இறக்கும் விதத்தையும் திருத்தி இரண்டு வரிகள் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர்,
தஞ்சாவூர்