தவறு வேறு, தீக்குணம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துன்பியல் நாடகம் பற்றி சென்ற ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை, உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் படிக்கும் என் பேத்திக்கு வாசித்துக் காட்டினேன். "வீழ்ச்சிக்குக் காரணம் தலைவனின் தீக்குணம்" என்ற வரி வந்ததும் அவள் தன் கொப்பியை விரித்தாள். அதிலும் அதே வரி, சிவப்பு மையால் அடிக்கோடிட்டு. பரீட்சை எழுதப்போகும் பிள்ளைகளை நினைத்து இதை எழுதுகிறேன்.

கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் 'கவிதையியல்' என்ற தம் நூலில் சொல்லும் 'ஹமார்ஷியா' கெட்ட குணமல்ல, தவறு. எய்த அம்பு குறி தப்புவதைச் சொல்லும் வினையிலிருந்து வந்த சொல் அது. கொடியவன் விழுந்தால் நமக்கு இரக்கமும் வராது, அச்சமும் வராது. நம்மைப் போன்ற ஒருவன் தவறு ஒன்றால் விழவேண்டும் என்கிறார் அவர். கிரேக்க நாடகத் தலைவன் ஈடிப்பஸ் தகப்பனைக் கொன்றுவிடுவோமோ என்று பயந்துதான், தான் வளர்ந்த கொரிந்து நகருக்குத் திரும்பாமல் விலகிப் போகிறான். போன வழியில் எதிரே வந்து, யாரென்று அறியாமல் அவன் கொன்றவரே பெற்ற தகப்பன்.

பேத்திக்கு இதை நான் எங்கள் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ஆடும் காமன் கூத்தை வைத்துத்தான் விளங்கப்படுத்தினேன். தேவர்கள் கேட்டதற்காகக் காமனாகிய மதன் சிவனின் தவத்தைக் கலைக்கப் புறப்படுகிறான். கெட்ட கனவு கண்டேன், போகாதீங்க என்று மனைவி இரதி மறிக்கிறாள். அவன் கேட்கவில்லை. அவனிடம் என்ன தீக்குணம்?

எனக்கு ஒன்பது வயதிருக்கும். கூத்து நடக்கும் காமன் பொட்டலில் அம்மாவின் கம்பளிக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். காலையில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிய, எங்கள் லயத்து வரிசை வீட்டு மாமாதான் இரதி வேஷம். காமனுக்கென ஊன்றிய கம்பம் எரிந்து, மதனை வெள்ளை வேட்டியால் மூடியதும் தப்பு மேளம் நின்றது. மாமா தலைவிரி கோலமாக விழுந்து ஒப்பாரி வைத்தார். விரல் நுனியில் கொழுந்துக் கறை படிந்த கையால் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எங்கள் தங்கச்சி செத்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இகழப்படும் இளிவு, இழவு, நிலை கெட்டு வருந்தும் அசைவு, வறுமை என அழுகைக்கு நான்கு நிலைக்களம் சொல்கிறது தொல்காப்பியம். லயத்துப் பெண்களுக்கு நான்கும் தெரியும். மறுநாள் விடிய அம்மா வேலைக்குப் பெயர் பதியும் பிரட்டுக்குப் போகும்போது முகம் தெளிந்திருந்தது. இரக்கமும் அச்சமும் வடிந்து மனம் தெளிவதைச் சொல்லும் 'கதாசிஸ்' என்ற அரிஸ்டோட்டிலின் சொல்லைப் பிற்காலத்தில் படித்தபோது எனக்கு அந்த முகம்தான் ஞாபகம் வந்தது.

மரணத்தில் முடிந்தால்தான் துன்பியல், மதன் மீண்டும் உயிர்ப்பதால் காமன் கூத்து அதில் சேராது என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். கி.மு. 438இல் மேடையேறிய கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடிஸின் 'அல்கெஸ்டிஸ்' நாடகத்தில் இறந்த மனைவி திரும்பி வருகிறாள். தம்பியென்று அறியாமல் பலியிட இருந்த அக்காள், வேளையோடு அவனை அடையாளம் கண்டுகொள்ளும் இஃபிஜீனியாவின் கதையை அரிஸ்டோட்டிலே சிறந்த அமைப்புக்கு உதாரணமாகக் காட்டுகிறார். அந்த நாடகங்களும் ஏதென்ஸில் டயோனிசஸ் தெய்வத்தின் திருவிழாவில்தான் ஆடப்பட்டன. நாமும் காப்புக் கட்டித்தானே ஆடுகிறோம்!

அந்த வரியைத் தயவுசெய்து அடுத்த இதழிலேயே திருத்திப் போடுங்கள். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் எங்கள் தோட்டத்தில் கம்பம் ஊன்றுவார்கள். கட்டுரையாளரும் வரட்டும். தகனத்தன்று இரவு இரதி விழும் பக்கமாக அவருக்கு இடம் பிடித்து வைக்கிறேன். குளிருக்குக் கம்பளியும் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
பொகவந்தலாவை.